திருகோணமலைத் துறைமுகமும் எழுபத்தைந்தாம் இடமும்

கல்விச் சுற்றுலா என்று பெயர் சொல்லி மாணவரை வெளியூருக்கு அழைத்துச் செல்லும் உபாத்தியாயர்கள் அறிந்த உண்மை ஒன்றுண்டு. மாணவர்கள் ஊரைப் பார்க்கப் போகிறார்கள். நாமோ மாணவரைப் பார்க்கப் போகிறோம். வகுப்பறையில் மூன்று ஆண்டுகள் பழகியும் பிடிபடாத ஒரு பிள்ளையின் மனம், பஸ் வண்டியின் பின் ஆசனத்திலோ கடற்கரை மணலிலோ ஒரே நாளிற் பிடிபட்டுவிடும். அண்மையில் திருகோணமலைக்குச் சென்று வந்த எமக்கு அத்தகைய அனுபவம் ஒன்று வாய்த்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து விடியுமுன் புறப்பட்ட எமது வண்டி, வவுனியாவிலே திரும்பி, ஹொரவப்பொத்தானை வழியாகக் காடும் குளமும் வயலும் கடந்து, வெயில் ஏறுமுன் திருகோணமலையை அடைந்தது. மாணவர்கள் இருபத்திரண்டு பேர். எல்லாரிடத்தும் சோற்றுப் பொதியும் தண்ணீர்ப் போத்தலும் இருந்தன. ஒருவனிடம் மட்டும் இவற்றோடு ஒரு டெனிஸ் மட்டையும் இருந்தது. இரண்டு நாள் கழித்துக் கொழும்பிலே பாடசாலை மாணவர்க்கான சுற்றுப்போட்டி. திருகோணமலையில் வசிக்கும் தன் மாமனாருடன் அன்றிரவே அவன் கொழும்புக்குப் போவதாக ஏற்பாடு.

புறப்படுவதற்கு முதல்நாள் அவனுடைய தந்தையார் எம்மைத் தொலைபேசியில் அழைத்தார். "மாஸ்டர், பெடியன் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கவேண்டிய நேரத்திலே பந்தடிச்சுக்கொண்டு திரியிறான். நான் சொன்னாற் கேளான். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கோ" என்றார். சொல்வதாக ஒப்புக்கொண்டோம். எத்தனையோ தந்தையருக்கு இவ்வாறு ஒப்புக்கொண்டவர்கள் நாம். இதுவும் அவற்றுள் ஒன்று என்றே அப்பொழுது எண்ணினோம்.

முதலிற் பிரெட்ரிக் கோட்டை வாயிலூடாக நடந்து கோணேசரைத் தரிசிக்கச் சென்றோம். கோட்டைக்குள்ளே மான்கள் மனிதரைக் கண்டு மருளாமல் நிழலில் நின்று மேய்ந்துகொண்டிருந்தன. மலையுச்சியில் இராவணன் வெட்டு என்று வழங்கும் பிளவினருகே நின்றபோது, கீழே கடல் கருநீலமாய்க் கிடந்தது. தரிசனம் முடித்து இறங்கி, நகரின் மறுபுறத்திலுள்ள உட்துறைமுகக் கரைக்கு வந்தோம். ஒரு புறத்திலே அலை கொந்தளிக்கும் பெருங்கடல். சிறிது தூரம் நடந்தால் மறு புறத்திலே குளம்போல அசைவற்ற நீர்ப்பரப்பு. திருகோணமலையின் விந்தையே இதுதான்.

உட்துறைமுகத்தைக் கண்ட எவரும் ஒரு கணம் பேச்சற்று நிற்பர். சுற்றிலும் குன்றுகள் காவலாக நிற்கின்றன. கரையை அண்டியும் ஆழம் குறையாத நீர். எந்தப் பருவக்காற்றும் உட்புகுந்து கப்பலை அலைக்க இயலாத அமைப்பு. உலகின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்று இதனைச் சொல்வது மிகையன்று. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகிய யாவரும் இந்நீருக்காகவே இங்கு வந்து பொருதனர். ஆங்கிலேயரின் கடற்படைத் தளம் 1957 வரை இங்கிருந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு பொழிந்தன. சீனன்குடாவிலுள்ள எண்ணெய்த் தாங்கிகள் அக்காலத்தின் சாட்சிகளாக இன்றும் நிற்கின்றன.

ஆயினும் ஒரு கேள்வி எழாமற் போகாது. இத்தனை சிறப்புள்ள துறைமுகத்தில் உலகத்து வணிகக் கப்பல்கள் ஏன் வந்து குவியவில்லை? கொழும்போ இயற்கையில் அலைக்குத் திறந்து கிடந்த இடம். அங்கே 1875இல் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டி, கடலிலே கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பித் துறைமுகம் செய்தனர். தேயிலைத் தோட்டங்களிலிருந்து புகையிரதப் பாதை அங்கே வந்து சேர்ந்தது; மேற்கும் கிழக்குமாகச் செல்லும் கப்பல் வழியும் அதற்கு அண்மையில் இருந்தது. திருகோணமலைக்கு இயற்கை வரம் தந்தது. வணிகமோ கொழும்புக்குச் சென்றது. இவ்வரலாற்றை மாணவருக்கு எடுத்துக் கூறினோம்.

பிரெஞ்சுக்காரர் என்றதும் மாணவர் சிலர் வியந்தனர். ஆம், 1782 ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பறித்த இவ்வூரை, அதே ஆண்டு ஆகஸ்ட் மாத முடிவிற் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவன் சுஃப்ரன் கைப்பற்றினான். சில நாட்களில், செப்டெம்பர் 3ஆம் நாள், ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூஸ் இக்கடலிலே அவனை எதிர்த்துப் போரிட்டான். சதுரங்கப்பட்டினம் தொடங்கிக் கடலூர் வரை, 1782க்கும் 1783க்கும் இடையில், இவ்விருவரும் ஐந்து முறை பொருதினர். எதிரியின் படையை ஒழித்துவிடும் வெற்றி எவருக்கும் ஒருமுறையேனும் கிட்டவில்லை. பின்னர் ஐரோப்பாவிலே சமாதானம் கையெழுத்தாயிற்று. திருகோணமலை ஒல்லாந்தரிடம் திரும்பிச் சென்றது. ஈட்டியது நிலைக்கவில்லை. எனினும் சுஃப்ரனைத் தங்கள் பெருங்கடல் வீரருள் ஒருவனாகவே பிரெஞ்சு மக்கள் இன்றும் போற்றுகின்றனர்.

மதிய உணவு முடிந்தது. மாணவர்கள் மரநிழலில் இருந்து பாடத் தொடங்கினர். சற்றுத் தொலைவில் 'டப்', 'டப்' என்று ஓர் ஓசை. திரும்பிப் பார்த்தோம். பழைய கட்டடம் ஒன்றின் வெறுஞ் சுவரிலே அம்மாணவன் பந்தை அடித்துக்கொண்டிருந்தான். சுவர் எறிந்த பந்தை அவன் விடவில்லை. அவன் அடித்த பந்தைச் சுவரும் விடவில்லை. தந்தையாருக்குக் கொடுத்த வாக்கு நினைவு வந்தது. அருகிற் சென்றோம்.

நாம் வாய் திறக்குமுன் அவனே கேட்டான்: "சேர், உலகத்திலே எழுபத்தஞ்சாம் இடம் எண்டால் அது பெரிய இடமோ, சின்ன இடமோ?"

யாரைக் குறித்துக் கேட்கிறாய் என்றோம். "பிரஜ்னேஷ்" என்றான்.

பேராதனையிற் பயின்ற காலத்திலே மட்டை பிடித்தவர்கள் நாம். பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை இன்றும் விடாமற் படிப்பவர்கள். ஆகவே அவன் கேள்வியின் ஆழம் எமக்குப் புரிந்தது. புத்தி சொல்வதைச் சற்றே ஒத்திவைத்துவிட்டு, அச்சுவரோரத்தில் அமர்ந்து, முதலிற் கணக்கைப் பேசினோம். வாசகரும் அக்கணக்கை அறிந்துகொள்வது நலம்.

ஆடவர் டெனிஸில் 1973 முதல் தரவரிசை கணனியாற் கணிக்கப்படுகிறது. ஒருவர் வெல்லும் ஆட்டங்களுக்கேற்பப் புள்ளிகள் சேரும். ஆனால் அப்புள்ளிகளுக்கு ஆயுள் ஐம்பத்திரண்டு வாரங்களே. சென்ற ஆண்டு இவ்வாரம் பெற்றவை இவ்வாண்டு இவ்வாரம் உதிர்ந்துவிடும். மீண்டும் வென்றால் இடம் நிற்கும். காயமுற்றுப் படுத்தால் இடம் சரியும். வங்கியிலிட்ட பணம் போன்றதன்று இது; நாள்தோறும் நீர் இறைக்கவேண்டிய தோட்டம் போன்றது.

விம்பிள்டன் முதலிய நான்கு மாபெரும் போட்டிகளிலும் ஒற்றையர் பிரதான சுற்றில் 128 பேர் ஆடுவர். அவர்களுள் 104 பேர் தரவரிசையால் நேரே நுழைவர். 16 பேர் தகுதிகாண் சுற்றுகளில் மூன்று ஆட்டங்களை வென்று நுழைவர். எஞ்சிய எட்டு இடங்கள் அமைப்பாளர் விரும்பி வழங்குபவை. முதல் நாளே தோற்பவருக்கும் அங்கு பெரும்பணம் உண்டு. 2019இல் விம்பிள்டனில் முதற் சுற்றில் தோற்றவர் பெற்றது 45,000 பவுண். ஏணியின் அடிப்படியிலோ நிலைமை வேறு. 15,000 டொலர் மொத்தப் பரிசுள்ள சிறு போட்டியை வெல்பவருக்கு ஏறத்தாழ 2,160 டொலர். முதற் சுற்றில் தோற்பவருக்கு ஏறத்தாழ 156 டொலர். விமானச் சீட்டு, தங்குமிடம், உணவு, பயிற்றுநர் கூலி யாவும் அவரவர் பொறுப்பு. எம் போன்ற சிறு நாட்டுப் பிள்ளைக்கு முதற் புள்ளியைத் தேடுவதற்கே பெரும்பாலும் கடல் கடக்க நேரும்.

"இப்பொழுது உன் எழுபத்தைந்தாம் இடத்துக்கு வருவோம்" என்றோம்.

பிரஜ்னேஷ் குணேஸ்வரன் 1989இற் சென்னையிற் பிறந்தவர், இடக்கை ஆட்டக்காரர். இருபதுகளின் நல்ல ஆண்டுகளிற் பலவற்றை முழங்கால் உபாதை விழுங்கிவிட்டது. அவரோடு ஆடத் தொடங்கியவர்கள் மேலே ஏறிக்கொண்டிருக்க, அவர் நடக்கவும் ஓடவும் மீளப் பழகிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் ஓய்வைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கும் வயதில், 2018இல், அவருக்கு வாசல் திறந்தது. சீனாவுக்கு எதிரான டேவிஸ் கிண்ணப் போட்டியில் இரு நாடுகளும் இரண்டுக்கு இரண்டு என நின்றபோது, கடைசி ஆட்டத்தை வென்று இந்தியாவைக் கரைசேர்த்தார். அதே ஆண்டில் ஜெர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரிலே கனடாவின் ஷாபவலோவை வென்றார். ஆசிய விளையாட்டு விழாவில் வெண்கலம் பெற்றார்.

2019 பெப்ரவரியிற் சென்னைச் சலஞ்சர் போட்டியின் அரையிறுதியை எட்டியதும், வாழ்விலே முதன்முறையாக முதல் நூறு பேருள் நுழைந்தார். அதற்கு அடுத்த மாதம் அமெரிக்காவின் இந்தியன் வெல்ஸ் போட்டியிற் பிரான்சின் பெனுவா பேரையும், அவ்வேளை உலகின் முதல் இருபதுள் இருந்த பசிலஷ்விலியையும் அடுத்தடுத்து வென்றார். ஏப்ரல் 22ஆம் நாள் எழுபத்தைந்தாம் இடத்தை அடைந்தார். அவ்வாண்டின் நான்கு மாபெரும் போட்டிகளிலும் ஒற்றையர் பிரதான சுற்றில் ஆடினார். நான்கிலும் முதற் சுற்றிலேயே தோற்றார். மெல்பேர்ணில் டியாஃபோவிடமும், பாரிஸில் பொலிவியாவின் டெலியனிடமும், விம்பிள்டனில் ரயோனிச்சிடமும், நியூயோர்க்கில் மெட்வடேவிடமும் தோற்றார். மெட்வடேவ் அப்போட்டியில் இறுதியாட்டம் வரை சென்றவர். பின்னர் உபாதைகள் மீண்டும் வந்தன, இடம் சரிந்தது. 2024 நவம்பரில், முப்பத்தைந்து வயதில், ஓய்வை அறிவித்தார்.

"நாலு முறையும் முதற் சுற்றிலேதானே சேர்" என்றான் மாணவன். அவன் குரலில் இருந்தது ஏளனமன்று, அச்சம். ஒரு மனிதனுடைய வாழ்நாள் உழைப்பின் விலை நான்கு தோல்விகள்தானா என்பதே அவன் கேள்வி.

அதே சென்னையின் இராம்குமார் இராமநாதனையும் நினைவூட்டினோம். 2017இல் துருக்கியின் அந்தாலியாவில், அவ்வேளை உலகின் எட்டாம் இடத்திலிருந்த டொமினிக் தீமை வென்றவர். 2018இல் அமெரிக்காவின் நியூபோர்ட் போட்டியில் இறுதியாட்டம் கண்டவர். அம்மாத முடிவில் அவர் எட்டிய மிக உயர்ந்த இடம் 111. நேரடி நுழைவோ 104 பேருக்கு. ஏழே ஏழு படிகள்! சலஞ்சர் போட்டிகளின் இறுதியாட்டத்தில் ஆறுமுறை தோற்றபின், 2021இல் மனாமாவிலே ஏழாம் முறை வென்றார். ஆறாம் தோல்வியோடு அவர் மட்டையை வைத்திருந்தால் ஏழாவதைக் குறித்து நாம் பேசியிரோம்.

இது தமிழ்நாட்டாருக்கு மட்டும் உரிய கதையன்று. டெனிஸ் என்ற பெயரே 'பிடித்துக்கொள்ளும்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பர் சொல்லாராய்ச்சியாளர். மாபெரும் போட்டிகள் நான்கில் ஒன்று பாரிஸிலேயே நடைபெறுகிறது. அத்தகைய நாட்டிற் பிறந்தவருக்கும் ஏணி ஏணிதான். லியோன் நகரிற் பிறந்த கிரியான் ஜக்கே என்னும் இளைஞர், முதல் நூறு பேருக்கு வெளியே நின்றவர், 2025 பெப்ரவரியிற் புள்ளி தேடிச் சென்னைக்கு வந்தார். நுங்கம்பாக்கம் மைதானத்திலே சம்பியனானார். அடுத்த வாரமே டில்லியிலும் வென்றார். 1997 முதல் 2017 வரை உலகப் பெருவீரர்கள் வந்து ஆடிய மைதானம் அது. ஸ்டான் வாவ்ரிங்கா நான்குமுறை வாகை சூடிய இடம். வாவ்ரிங்காவின் பெயரை அறிந்தவர் பல்லாயிரம். ஜக்கேயின் பெயரை அறிந்தவர் சிலர். ஆனால் இருவருக்கும் கோட்டின் நீளம் ஒன்றே, வலையின் உயரம் ஒன்றே.

ஏணியின் நடுப்படியில் நிற்பவர்களது துயரை உலகம் இப்பொழுதுதான் சிறிது உணரத் தலைப்பட்டிருக்கிறது. இந்தியாவின் சுமித் நாகல், 2023இல், ஓராண்டு ஆடிய பின் தமது வங்கிக் கணக்கில் எஞ்சியது 900 யூரோ என்று வெளிப்படையாகவே சொன்னார். அதே ஆண்டில், முதல் 250 இடங்களில் உள்ளோருக்கு ஆண்டுக்கு ஒரு குறைந்தபட்ச வருவாயை உறுதிசெய்யும் திட்டத்தை ஆடவர் டெனிஸ் சங்கம் அறிவித்தது. முதல் நூறு பேருக்கு 300,000 டொலர். 101 முதல் 175 வரை 150,000. 176 முதல் 250 வரை 75,000 என 2024இல் அது தொடங்கிற்று. அதற்குக் கீழே நிற்பவருக்கு இன்னும் தந்தையின் சேமிப்பும் தாயின் நகையுமே காப்புறுதி.

இவ்வளவும் கேட்டபின் மாணவன் பந்தைக் கையில் உருட்டிக்கொண்டு மௌனமாக இருந்தான். புத்தி சொல்வதற்கு இதைவிடத் தக்க தருணம் இல்லை. "ஆகவே, தம்பி, விட்டுவிடு" என்று முடித்திருக்கலாம். முடிக்க எமக்கு நா எழவில்லை. அதன் காரணத்தையும் மறையாது சொல்லிவிடுகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன், எம்மிடம் பயின்ற வேறொரு மாணவன் இவ்வாறே மட்டையோடு வந்து நின்றான். நல்ல கை, வேகமான கால். "பந்து சோறு போடாது" என்றோம். ஒரே வார்த்தையில் அவன் மட்டையை வைத்தான். படித்தான், உத்தியோகம் பெற்றான், மணம் முடித்தான். எமது அறிவுரை பலித்தது என்று பெருமிதம் கொண்டிருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கலியாண வீட்டில் அவனைக் கண்டு, ஆட்டத்தைப் பற்றி வேடிக்கையாக ஏதோ கேட்டோம். அவன் சிரித்துக்கொண்டே, "நான் வென்றிருப்பேன் எண்டு சொல்ல மாட்டன் சேர். ஆனால் தோற்றுப் பார்க்கவும் எனக்கொரு இடம் கிடைக்கேல்லை" என்றான். பந்தியில் அதன் பின் நாம் உண்டது என்ன என்பது எமக்கு நினைவில்லை.

அவனிடம் அன்று நாம் சொன்னது பொய்யன்று. ஆனால் கணக்கைக் காட்டாமல் விடையை மட்டும் கொடுத்தோம். கணித பாடத்தில் மாணவன் அவ்வாறு செய்தால் நாமே புள்ளி வழங்க மாட்டோம்.

ஆகையால் இம்முறை துறைமுகத்தைக் காட்டினோம். "இந்த நீரைப் பார். வணிகக் கப்பல்களின் எண்ணிக்கையால் வரிசைப்படுத்தினால் இது கொழும்புக்குக் கீழே. அதனால் இதன் ஆழம் ஒரு முழமேனும் குறைந்ததா? ஆழம் வேறு, வரிசை வேறு. ஆனால் இன்னொன்றையும் பார். ஆழம் இருந்துவிட்டதனால் மட்டும் கப்பல் வந்துவிடவும் இல்லை. கொழும்பிலே கல் சுமந்தார்கள். எழுபத்தைந்தாம் இடம் பெரிய இடமா என்று கேட்டாய். புள்ளி பெற்ற ஆடவர் உலகில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். புள்ளியே பெறாது மட்டை பிடித்தோருக்குக் கணக்கில்லை. அவர்களிடையே எழுபத்தைந்தாவது மனிதன் மலையுச்சியில் நிற்பவன். அவன் முதற் சுற்றில் தோற்றான் என்றால், அந்த முதற் சுற்றுக்கு வந்து சேர்ந்தான் என்பதே அதன் முற்பாதி. அந்த மலையில் ஏறுவதா, இல்லையா என்பதை நீதான் முடிவு செய்யவேண்டும். கணக்கை மறந்து முடிவு செய்யாதே. கணக்குக்கு அஞ்சியும் முடிவு செய்யாதே."

"பரீட்சை, சேர்?" என்றான்.

"பரீட்சையும் எழுது. மட்டை உடையலாம், முழங்கால் உடையலாம், படித்தது உடையாது" என்றோம். அவன் சிரித்தான். பின்னர் எழுந்து, மீண்டும் சுவரை நோக்கிப் பந்தை அடித்தான்.

மாலையிற் கன்னியா வெந்நீர் ஊற்றுகளையும் பார்த்துவிட்டு நகருக்குத் திரும்பினோம். உவர்மலைப் பக்கத்து வீதியொன்றில் அவனுடைய மாமனார் காத்திருந்தார். பையையும் மட்டையையும் தோளில் மாட்டிக்கொண்டு அவன் இறங்கிச் சென்றான். ஏனைய மாணவர்கள் சாளரத்தூடாகக் கையசைத்தனர். உட்துறைமுகத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்பட்டு நீரிலே நீண்டு நடுங்கிக்கொண்டிருந்தன.

ஊர் திரும்பியதும் அவன் தந்தையாரை நேரிலே கண்டு, நடந்ததைச் சொன்னோம். அவர் கேட்ட புத்தியைச் சொல்லாமல் வந்ததையும் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். "செலவுதான் மாஸ்டர் யோசனை" என்றார் கடைசியில். அது நியாயமான யோசனை. அதற்கு எம்மிடம் விடை இல்லை. பரீட்சை வரைக்கும் வாரத்திற்கு மூன்று மாலை ஆட்டம், எஞ்சிய மாலைகள் படிப்பு, அதன் பின் மறுபடி பேசுவது என்ற அளவில் தந்தையும் மகனும் ஓர் உடன்படிக்கைக்கு வந்திருப்பதாக அறிகிறோம்.

கொழும்புப் போட்டியின் முடிவையும் வாசகர் கேட்பர். இரண்டாம் சுற்றிலே தோற்றான். அடுத்த கிழமை வகுப்புக்கு வந்தவன், பாடம் முடிந்ததும் எமது மேசையில் ஒரு கடிதத்தை வைத்தான். அடுத்த மாதம் கண்டியில் நடைபெறவிருக்கும் போட்டிக்காக இரண்டு நாள் விடுமுறை கேட்டிருந்தான். தந்தையார் ஏற்கனவே கையொப்பமிட்டிருந்தார்.

நாமும் இட்டோம்.